பேருக்கு முன்னால் இருந்த குரல்

செல்வராணி இத்தனை வருடங்களில் வெட்டிப் போட்டவற்றில் பெரும்பகுதி அவள் கணவன் அழகுமலையின் குரல். இதைக் குறையாகச் சொல்லவில்லை. விசேஷ வீடியோவில் கேமராக்காரர் பேசுவது கேட்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் ஒழுங்கு. அவன் படம் எடுத்தான், அவள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெட்டிக் கோத்தாள். அவன் பேசிய இடங்களை நீக்குவது அவள் வேலையில் ஒரு பகுதி.

இலுப்பூரில் எங்கள் வீட்டு மாடியை அவர்கள் வாடகைக்கு எடுத்தது 2014 தை மாதம். முன்னறை ஸ்டூடியோ, பின்னறை குடித்தனம். நான் தாலுகா அலுவலகப் பதிவறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இங்கே எழுதியிருப்பதில் பாதி நான் நேரில் கண்டது, பாதி அவள் சொல்லிக் கேட்டது. எழுதி முடித்ததும் அவளிடம் படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் திருத்தினாள். திருத்தியபடியே வைத்திருக்கிறேன்.

அவள் தகப்பனார் ரெங்கசாமி இலுப்பூர்ச் சந்தையில் வெங்காயம் போட்டவர். அவளைப் புதுக்கோட்டைக்கு அனுப்பி பி.காம். படிக்க வைத்தார். படிப்பு முடிந்து திருக்கோகர்ணத்தில் கோபிநாத் என்பவரின் ஸ்டூடியோவில் ஆல்பம் வேலைக்குச் சேர்ந்தாள். ஆல்பத்திலிருந்து வீடியோவுக்கு வந்தாள். அதே ஸ்டூடியோவில் லைட் பிடிக்கிற ஆளாக இருந்தவன் அழகுமலை. விராலிமலைக்கு மேற்கே மேலப்பட்டி அவனுக்கு ஊர். தகப்பன் இல்லை, தாயார் மூக்காயி களை எடுத்து வளர்த்த பிள்ளை. லைட்டிலிருந்து கேமராவுக்கு அவன் உயர்ந்தபோது, அவன் எடுத்ததையெல்லாம் அவள்தான் வெட்டினாள். அப்படித்தான் பழக்கம். திருக்கோகர்ணம் கோயிலில் கல்யாணம் நடந்தது. வீடியோ எடுத்தவர் கோபிநாத். அதில் அழகுமலை வாய் அசைகிறது, மேலே பாட்டு ஓடுகிறது. பிள்ளை இல்லை.

இனி அந்த லைப்ரரி விஷயம். அவள் எனக்கு விளக்கிய முறையிலேயே எழுதுகிறேன். ஒரு விசேஷத்தில் எடுத்த படமெல்லாம் ஹார்டு டிஸ்க்கில் கிடக்கும். எடிட்டிங் சாஃப்ட்வேருக்குள் அவற்றைப் பெயர் போட்டு வகை பிரித்து வைக்கிற இடத்துக்கு லைப்ரரி என்று பெயர். எல்லா ஸ்டூடியோவிலும் தேதி, மண்டபம், மாப்பிள்ளை பெண் பெயர் என்றுதான் பிரிப்பார்கள். வீடியோவை முடித்துக் கொடுத்ததும் அழித்துவிட்டு அடுத்த முகூர்த்தத்துக்கு இடம் பண்ணுவார்கள். செல்வராணி அதற்குமேல் இரண்டாவதாக ஒரு லைப்ரரி வைத்திருந்தாள். அது ஆட்களின் பெயர்ப்படி பிரித்தது. வீட்டில் அதை ‘ஆள் லைப்ரரி’ என்பார்கள்.

அது ஏற்பட்ட விதம் இது. 2016 பங்குனியில் திருப்பதி என்ற செங்கல் சூளைக்காரர் ஒருவர் இறந்துபோனார். கருமாதிக்கு பேனர் அடிக்க அவர் பெண்சாதி ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தது. அந்தக் கார்டுப் படம் ஒன்றுதான் மனிதருக்கு இருந்தது, அதிலும் முகம் தெளிவில்லை. செல்வராணி அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இவரை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தாள். பார்த்தது நேரில் இல்லை, திரையில். யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில், பந்தியில் சாம்பார் வாளி தூக்கிப் போனவர். அழிக்காமல் கிடந்த டிஸ்க்கில் தேடி எடுத்தாள். திருப்பதி வாளியோடு வருகிறார், ஒரு பையனை அதட்டுகிறார், “எலையப் பாத்து உக்காருடா, எலையிலயே உக்காந்துராத” என்று சொல்லிவிட்டுத் தானே சிரிக்கிறார். அவ்வளவுதான். கருமாதியன்று பந்தலில் டி.வி. வைத்து அதைப் போட்டார்கள். அந்தப் பெண்மணி டி.வி.க்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்ததாகவும், சொந்தக்காரர்கள் சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை என்றும் அழகுமலை வந்து சொன்னான்.

தனக்கென்று வீடியோ எடுக்கிற நிலையில் இல்லாத ஜனங்கள் பிறர் வீட்டு வீடியோக்களில் வந்து போகிறார்கள் என்பது அன்று அவளுக்குப் பிடிபட்டது. மொய் எழுதும் வரிசையில், அண்டா கழுவும் இடத்தில், பந்தலுக்கு வெளியே செருப்புக்குப் பக்கத்தில் அவர்கள் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் பெயர் போட்டு வைத்தால் வேண்டியபோது எடுத்துவிடலாம். ஆனால் பெயர் தெரியாதே. அதனால் அழகுமலையிடம் ஒரு வேலையைச் சேர்த்துவிட்டாள். யாரைப் பக்கத்தில் எடுத்தாலும் பெயரும் ஊரும் கேட்டுவிட வேண்டும். கேமராவில் பதிவானால் போதும், அவள் வீட்டில் கேட்டு எழுதிக்கொள்வாள்.

அன்றிலிருந்து அவன் ஒவ்வொரு விசேஷத்திலும் கேட்டான். “பேரு என்னங்க, எந்த ஊருங்க?” ஜனங்கள் சும்மா சொல்லிவிடுவார்களா. ரேஷன் கார்டுல சேக்கப் போறியா என்பார்கள். போலீசுல சொல்லிக் குடுத்துராதப்பா என்பார்கள். ஒரு கிழவர் தன் பெயரைச் சொல்லாமல் பக்கத்தில் இருந்த மைத்துனர் பெயரைச் சொல்லி, இவனத்தான் போலீசு தேடுது, புடிச்சுக்க என்றாராம். அவன் குரல் நிதானமான குரல். சலித்துக்கொள்ளமாட்டான். நான் மாடிப்படியில் ஏறும்போது அந்தக் கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கும். அதைத்தான் அவள் வெட்டிக்கொண்டிருப்பாள். அவன் கேள்வி முடிந்து, அவர்கள் வாய் திறக்கிற இடத்தில் கிளிப்பின் தொடக்கத்தை வைப்பாள். ஆள் சொல்லி முடித்ததும் கடைசியை வைப்பாள். பிறகு பெயர், ஊர், யார் வீட்டு விசேஷம் என்று எழுதுவாள்.

சுற்றுப்பக்கத்தில் எங்கே சாவு விழுந்தாலும், காரியம் முடிந்த மறுநாள் யாராவது மாடியேறி வருவது வழக்கமாகிவிட்டது. எங்க ஐயா எதுலயாச்சும் இருக்காராத்தா என்று கேட்பார்கள். அவள் பெயரைத் தட்டுவாள். பல நேரம் இருக்கும். நானே பல தடவை பார்த்திருக்கிறேன். வந்தவர்கள் அழுதால் அவள் பேசாமல் எழுந்து பின்னறைக்குப் போய்விடுவாள், அவர்கள் தனியாகப் பார்க்கட்டும் என்று.

2023 ஆடி. ஆடியில் முகூர்த்தம் கிடையாது. ஸ்டூடியோக்காரர்கள் லென்ஸ் துடைப்பது, டிஸ்க் காலி பண்ணுவது எல்லாம் அந்த மாதத்தில்தான். அவர்களிடம் இருந்த டிஸ்க்குகள் எல்லாம் நிரம்பிவிட்டன. ஆள் லைப்ரரிக்காகப் பழையதை அழிக்காமல் வைத்ததால் வந்த நெருக்கடி. அந்தச் சமயத்தில் கோபிநாத் திருக்கோகர்ணத்திலிருந்து வந்தார். என் பக்கமும் சாவுக்கு வந்து கேட்கிறார்கள், ஒரே லைப்ரரியை இரண்டு ஸ்டூடியோவிலும் வைத்துக்கொள்வோம், நான் எடுப்பதையும் பெயர் போட்டுச் சேர்க்கிறேன் என்றார். நல்ல யோசனை. ஆனால் அத்தனை டிஸ்க்குகளையும் நகல் எடுத்துக் கொடுப்பது ஆகிற காரியம் இல்லை.

அதற்கு சாஃப்ட்வேரிலேயே ஒரு வழி இருந்தது. லைப்ரரியில் குறித்து வைத்த பகுதியை மட்டும் நறுக்கிப் புதிதாக ஒரு நகல் செய்யும். மற்றதை விட்டுவிடும். அப்படிச் செய்யும்போது ஒரு கேள்வி கேட்கும், முன்னும் பின்னும் ஓரமாக எவ்வளவு சேர்த்து எடுக்கட்டும் என்று. சட்டை தைப்பவர் பின்னால் பிரித்துவிட உள்ளே கொஞ்சம் துணி மடித்து விடுவார் அல்லவா, அது மாதிரி. அந்த இடத்தில் என்ன போடலாம் என்று செல்வராணி அவனைக் கேட்டாள். அப்போது நான் அங்கே தண்ணீர் மோட்டார் விஷயமாகப் போய் நின்றிருந்தேன்.

“சைபர் போடு” என்றான். “ஓரத்துல என்ன இருக்கப்போகுது? ஊராரு பேரக் கேட்டுத் தொண்ட கட்டுன எஞ்சத்தந்தான். அது யாருக்கு வேணும்?”

அவள் சிரித்துக்கொண்டே சைபர் போட்டாள். நகல் ஒரே டிஸ்க்கில் அடங்கிவிட்டது. ஒன்றைக் கோபிநாத் எடுத்துப் போனார், ஒன்று இங்கே இருந்தது. இரண்டையும் ஒத்துப் பார்த்தார்கள், ஒரு பெயர்கூட விடுபடவில்லை. அதன் பிறகுதான் பழைய டிஸ்க்குகளை அழித்தான். அழித்து, ஆவணிக்குத் தயாராக வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் ‘காலி’ என்று எழுதி ஒட்டினான். இதில் யாரும் அவசரப்படவில்லை. பதிவறையில் நாங்கள் பழைய கட்டுகளைக் கழிப்பதைவிட முறையாகச் செய்தார்கள். கழிக்கக் கூடாதது எது என்று அன்று யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு விராலிமலை தாண்டி ஒரு மண்டபத்தில் வேலை. விடிகாலையில் வண்டியில் கிளம்பினான். வாரேன் ராணி என்று மேலே பார்த்துச் சொன்னதைத் திறந்திருந்த எங்கள் வாசல்வழியே நானும் கேட்டேன். திருச்சி மதுரை நெடுஞ்சாலையில் ஏறிய சற்று நேரத்தில் பின்னால் வந்த லாரி தட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் முடிந்துவிட்டது. போன் நொறுங்கிப்போனது. கேமராப் பைக்கு ஒரு கீறல் இல்லை. கேமராவில் இருந்த கார்டு முந்தின நாள் சாயங்காலம் சுத்தமாக அழித்துப் போட்ட கார்டு.

கருமாதி முடிந்து மூக்காயி மேலப்பட்டிக்குத் திரும்பவில்லை. மருமகளோடு மாடியிலேயே தங்கிவிட்டார். சர்க்கரை நோயால் அவருக்கு இரண்டு கண்ணும் போய் நாலு வருஷமாகிறது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். பேனரில் அடித்த மகனின் படத்தைச் சொந்தக்காரர்கள் புகழ்ந்தார்கள், அது அவருக்கு ஒன்றுமில்லை. கையால் தடவிப் பார்த்துவிட்டு, வழுவழுன்னு இருக்கு என்று மட்டும் சொன்னார்.

ஒரு நாள் காலையில், சாப்பிட்டுக் கை கழுவியபின், மருமகளிடம் கேட்டார்.

“ஊருல செத்தவுக எல்லாத்தையும் எடுத்து எடுத்துக் குடுத்தியே. எம்மகன் பேசுறத ஒரு தடவ போடு புள்ள. எனக்குப் படம் வேணாம். சத்தம் போதும்.”

செல்வராணி அதை எளிதென்றே நினைத்தாள். எத்தனை ஆயிரம் பேரிடம் பெயர் கேட்டிருக்கிறான். இதோ அத்தை என்று சொல்லிவிட்டு ஆள் லைப்ரரியைத் திறந்து ஒரு கிளிப்பை ஓட்டினாள். யாரோ ஒருவர் தன் பெயரையும் ஊரையும் சொன்னார். அடுத்ததை ஓட்டினாள். இன்னொருவர் பெயரும் ஊரும் சொன்னார். தொடக்கத்துக்கு முன்னால் இழுத்துப் பார்த்தாள். முன்னால் ஒன்றுமில்லை. படம் அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. அப்போதுதான் சைபர் போட்டது நினைவுக்கு வந்தது என்றாள். ஊரில் உள்ளவர்கள் எல்லாரும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்டவன் இல்லை.

காலியான டிஸ்க்குகளைத் திருச்சிக்கு எடுத்துப் போனாள். அழித்ததை மீட்டுத் தருகிற கடை ஒன்று இருக்கிறது என்று கோபிநாத் சொன்னார். ஒரு சிலவற்றின் மேல் ஏற்கெனவே வேறு வேலை பதிவாகியிருந்தது. மற்றவற்றை அழகுமலை முறைப்படி முழுவதும் துடைத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. முடித்துக் கொடுத்த கல்யாண வீடியோக்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் பாட்டு. அவளே போட்ட பாட்டு. அவள் போனிலும் குரல் செய்தி எதுவும் இல்லை. ஒரே மாடியில் வேலை செய்கிற புருஷன் பெண்சாதிக்குள் அதற்கு என்ன தேவை இருந்திருக்கும்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. அவளும் மனுஷிதான், இத்தனை கிளிப்புகளில் தொடக்கத்தை ஒரு கண்ணிமைப்பு முன்னால் வைத்த இடங்கள் இருக்கும். அங்கே அவன் கேள்வியின் வால் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தேடினாள். ஒவ்வொரு கிளிப்பின் முதல் நொடியை மட்டும் கேட்பாள், நிறுத்துவாள், அடுத்ததற்குப் போவாள். முகூர்த்த வேலையையும் விட முடியாது. கேமராவுக்கு வேறு ஆளை வைத்துக்கொண்டு, வந்த வேலையை முடித்துவிட்டு, ஒழிந்த பொழுதில் இதைச் செய்தாள். ஐப்பசி போய், கார்த்திகை போய், தை வந்தது.

கிடைத்தவை எல்லாம் துண்டுகள். ‘ங்க’ என்று முடிகிற ஓர் ஒலி. ‘ருங்க’ என்று ஒன்று. ஒன்றில் மூச்சு மட்டும். அவற்றை ஒன்றாகக் கோத்து, ஒரு நாள் மூக்காயியை நாற்காலியில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினாள். நான் கீழே இருந்தேன். எனக்கே கேட்டது. ங்க, ருங்க, ங்க, த்தா, ங்க. ஆள் பேசுவது மாதிரியே இல்லை.

மூக்காயி கடைசிவரை கேட்டார். “இது என்னா, இருமுறானா?” என்றார். பிறகு, “நிறுத்து. ஒம்பொழப்பே வெட்டுறதுதான. எம்மவனையும் வெட்டிட்ட” என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு குறைந்துவிட்டது. நேரத்துக்குச் சோறு வைப்பாள், மாத்திரை கொடுப்பாள், கையைப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப் போவாள். மூக்காயியும் கோபம் காட்டமாட்டார். ஆனால் மகனைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார். அதுதான் தன்னால் தாங்க முடியவில்லை என்று செல்வராணி என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். ஏசினால்கூடப் பரவாயில்லையாம்.

துண்டு தேடுவதை அவளும் விட்டாள். லைப்ரரியை மூடவில்லை. சாவு வீட்டுக்காரர்கள் வந்து கொண்டிருந்தார்கள், எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது அவர்கள் அழுதால் எழுந்து போவதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.

2024 ஆடி கடைசியில், அழகுமலைக்குத் தலைத்திவசம் நெருங்கிய சமயத்தில், கோபிநாத்திடமிருந்து போன் வந்தது. அவர் பக்கத்தில் பொற்கொடி என்று ஒரு வயதான அம்மாள் இறந்திருக்கிறது. விசேஷ வீடுகளில் காய் நறுக்கப் போகிற அம்மாள். மகள் ரஞ்சிதா வந்து கேட்க, அவர் தன் ஸ்டூடியோவில் இருந்த ஆள் லைப்ரரியில் பெயரைத் தட்டியிருக்கிறார். பல வருஷத்துக்கு முந்தி, விராலிமலைப் பக்கம் ஒரு காதுகுத்தில் அழகுமலை எடுத்த கிளிப் வந்திருக்கிறது. அதை முழுவதும் ஓடவிட்டுக் கேட்டிருக்கிறார்.

“ராணி, ஒங்கிட்டயும் அதே லைப்ரரிதான இருக்கு. பொற்கொடின்னு தேடு” என்றாராம். “ஆரம்பத்த மட்டும் கேக்காத. முழுசாக் கேளு.”

செல்வராணி அந்தக் கிளிப்பை முன்பே பார்த்திருக்கிறாள். மற்றவை மாதிரி அதன் முதல் நொடியைக் கேட்டுவிட்டு, அதில் வால் இல்லை என்று தள்ளிவிட்டாள். எல்லாரிடமும் அவன் முன்னால் கேட்பான், அவர்கள் பின்னால் சொல்வார்கள். அதனால் நடுவில் தேட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அவள் அதைக் காதில் ஹெட்போன் மாட்டி முதலில் தான் மட்டும் கேட்டாள். பிறகு என் மனைவியையும் என்னையும் மேலே வரச் சொல்லி எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினாள். தனியாக மாமியாருக்குப் போட்டுக் காட்டப் பயமாக இருந்தது என்று பின்னால் சொன்னாள். நாங்கள் போனபோது மூக்காயி சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தார். எதற்குக் கூப்பிட்டார்கள் என்று அவருக்குச் சொல்லவில்லை. அத்தை, கொஞ்சம் கேளுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்பீக்கரைத் திருப்பி வைத்தாள்.

திரையில் ஓர் அம்மாள் பூசணிக்காயை முன்னால் வைத்துக்கொண்டு அரிவாள்மணையில் உட்கார்ந்திருந்தது. பின்னால் மேளச் சத்தம். “பொற்கொடி. குடுமியான்மலைப் பக்கம்” என்று சொல்லிவிட்டுத் தலை நிமிர்ந்து கேமராவைப் பார்த்தது.

“வாரவுக போறவுகளயெல்லாம் பேரு கேக்குறியே, நீ யாரு பெத்த புள்ளப்பா?”

“நான் மூக்காயி மகன் ஆத்தா. மேலப்பட்டி.”

“எந்த மூக்காயி? பந்தி முடியுமுன்ன பாதி அப்பளத்த முடிச்சுட்டுப் போவாளே, அவளா?” பொற்கொடி கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பை வெட்டினால் ஆளே இல்லாமல் போய்விடும் என்று அன்று செல்வராணி நடுவில் கை வைக்காமல் விட்டிருக்கிறாள். சிரிப்பு அடங்குகிற இடத்தில் அவனும் சிரிப்பது கேட்டது. “அவுகளேதான். இது எம்பொண்டாட்டிதான்” என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அங்கே கிளிப் நின்றது.

மூக்காயி அசையவில்லை. முகத்தை ஸ்பீக்கர் இருந்த பக்கம் திருப்பி, வாயை லேசாகத் திறந்து வைத்திருந்தார். இன்னொரு தடவை என்று கையால் காட்டினார். செல்வராணி போட்டாள்.

“அவனுக்குச் சளி புடிச்சிருக்கு” என்றார் மூக்காயி. “மூக்கால பேசுறான். அன்னிக்கெல்லாம் எனக்குப் போன் பண்ணிருப்பான், எங்கிட்ட ஒண்ணும் சொல்லல.”

மூன்றாவது தடவையும் போட்டாள். அது முடிந்ததும் மூக்காயி கையை நீட்டி மேசை விளிம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

“கடைசியில என்னமோ சொல்ல வாரான். எம்பொண்டாட்டிதான்னு ஆரம்பிக்கிறான். அங்கிட்டு என்னா சொன்னான்?”

“அங்கிட்டு இல்லைங்கத்த” என்றாள் செல்வராணி. “அந்தம்மா பேசி முடிச்சுட்டாகன்னு நான் வெட்டிட்டேன்.”

“ஒனக்கு நெனப்பில்லையா? நீதான கேட்டுக் கேட்டு வெட்டுன.”

“நெனப்பில்லைங்கத்த.”

பேரைக் கேட்டு வரச் சொன்னது என்று சொல்லியிருப்பான் என்றாள் என் மனைவி, ஆறுதலாக. இருக்கலாம். அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் செல்வராணி அதை ஒப்புக்கொள்ளவில்லை. இருக்கலாங்கக்கா, வேற என்னமும் சொல்லியிருக்கலாம், எனக்குத் தெரியல என்றாள். அப்போதுதான் அவள் அழுதாள். கணவன் செத்த அன்றுகூட அவளை அப்படிப் பார்க்கவில்லை. மூக்காயி மேசை விளிம்பிலிருந்து கையை எடுத்து, சத்தம் வந்த திசையில் துழாவி, அவள் முழங்காலைக் கண்டுபிடித்து அதன்மேல் வைத்துக்கொண்டார்.

தலைத்திவசத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் கேட்டும் அந்தக் கிளிப்பைப் பந்தலில் போடவில்லை. மூக்காயி வேண்டாம் என்றுவிட்டார். பொற்கொடி வீட்டுக்குக் கோபிநாத் அதை முழுவதுமாக, அழகுமலை பேச்சோடு கொடுத்தார். எங்க அம்மாட்ட ஏச்சு வாங்காத ஆளே இல்ல, நல்லவேளை இந்தத் தம்பியும் வாங்கியிருக்கு என்று ரஞ்சிதா சொன்னதாம்.

ஆள் லைப்ரரியில் செல்வராணி ஒரு பெயர் சேர்த்திருக்கிறாள். அழகுமலை, மேலப்பட்டி. அதன்கீழ் ஒரே ஒரு கிளிப். மற்ற எல்லாவற்றையும் முழுசாகக் கேட்டுப் பார்த்துவிட்டாள், வேறெதிலும் அவன் பேச்சு இல்லை. இப்போது கேமராவுக்குப் போகிற ஆளிடமும் பேரும் ஊரும் கேட்டு வரச் சொல்லியிருக்கிறாள். அந்த ஆளின் குரலை அவள் நீக்குவதில்லை. கிளிப் நீளமாகிறது, டிஸ்க் சீக்கிரம் நிறைகிறது என்று கோபிநாத் குறைப்பட்டுக்கொள்கிறார்.

தினம் சாயங்காலம் விளக்கு வைத்ததும் மூக்காயி கேட்பார், செல்வராணி போடுவாள். படி வழியாக எனக்குக் கேட்கும். மேளம், பொற்கொடியின் அதட்டல், சிரிப்பு, மூக்கடைத்த அந்தக் குரல். எம்பொண்டாட்டிதான் என்பதோடு நின்றுவிடும். நின்ற பிறகும் இரண்டு பேரும் உடனே எழுந்துகொள்வதில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பாத்திரம் எடுக்கிற சத்தம் வரும்.